முதலில் நடை, பிறகுதான் முகம்

தகரத்தால் அடித்த ஒரு கூண்டு. கொளுத்தும் வெயிலில் அதற்குள் நாட்கணக்கில் பூட்டி வைத்திருந்த கைதியைத் திறந்துவிடுகிறார்கள். அவர் ஒரு பிரிட்டிஷ் கர்னல். எதிரே ஜப்பானிய முகாம் அதிகாரியின் குடில். அதுவரை அவர் நடந்தாக வேண்டும். முழங்கால் மடங்குகிறது, மடங்கியது தெரியக் கூடாதென்று இடுப்பை விறைக்கிறார். கால் ஒரு பக்கம் இழுக்க, உடம்பு மறுபக்கம் சாய, தலை மட்டும் அணிவகுப்பில் இருப்பதுபோல நேரே நிற்கிறது. தூரத்திலிருந்து அவருடைய படைவீரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வசனம் கிடையாது. 1957-இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தில் அலெக் கின்னஸ் நடந்த நடை இது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது அந்தப் படத்துக்காகத்தான்.

அந்த நடையை அவர் எந்த ராணுவ முகாமிலும் கற்கவில்லை. மகன் மாத்யூவைப் பதினோரு வயதில் போலியோ தாக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழக்கச் செய்தது. பையன் மெல்ல மெல்லத் தேறி மறுபடி நடக்கப் பழகியபோது கால்களை எப்படி எடுத்து வைத்தான் என்பதைத் தகப்பன் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். அதைத்தான் படத்தின் அந்தக் கர்னலான நிக்கல்சனுக்குக் கொடுத்தார். தன் வாழ்நாள் நடிப்பின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக அவர் கருதியதும் இதையே.

கின்னஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அவருடைய வேடங்களைத்தான். ஒட்டு மூக்கு, டோப்பா, பொய்ப்பல் இவற்றுக்குள் ஆளே அடையாளம் தெரியாமல் மறைந்துவிடுவார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அறுபதாண்டுக்கும் மேற்பட்ட அவரது நடிப்பு வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஒப்பனையை நம்பித் தொடங்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் துறந்துகொண்டே வந்தார். அவருடைய பெரிய வெற்றிகள் அப்படித் துறந்தபோது வந்தவை. அவர் சறுக்கிய இடங்களில் முக்கியமானது, வயதான காலத்தில் மறுபடி பூசிக்கொண்டபோது நேர்ந்தது.

தகப்பன் பெயர் இல்லாத சான்றிதழ்

1914 ஏப்ரல் 2. லண்டனின் மைடா வேல் பகுதியில் ஆக்னஸ் கஃப் என்ற பெண்ணுக்குப் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. ஆண்ட்ரூ கெடஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவந்தார். அவரே தகப்பனாக இருக்கலாம் என்று கின்னஸ் எண்ணிக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்கு ஐந்து வயதானபோது தாய் ஸ்டைவன் என்ற ராணுவ கேப்டனை மணந்தார். அதனால் பையன் சிலகாலம் அலெக் ஸ்டைவன். பதினான்கு வயதில்தான் ‘உன் உண்மையான பெயர் கின்னஸ்’ என்று போகிறபோக்கில் தெரிவிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ முப்பது விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் குடியிருந்தாகிவிட்டது.

இப்படி வளர்ந்த பிள்ளை நடிகனாகாமல் வேறென்ன ஆவான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்த விளக்கத்தில் நிறைவில்லை. நிலையில்லாத வீடுகளில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர், கின்னஸ் ஒருவர்தான். அவரிடம் இருந்தது கூர்ந்து பார்க்கிற பழக்கம், பிறகு அசாத்தியமான பிடிவாதம். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர், அன்றைய லண்டன் மேடையின் உச்ச நட்சத்திரமான ஜான் கீல்குட்டுக்கே தொலைபேசியில் பேசி யோசனை கேட்டார். கீல்குட் கைகாட்டிய மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகை சில பாடங்கள் எடுத்துவிட்டு, உனக்கு நடிப்பு வராது என்று அனுப்பப் பார்த்தார். கின்னஸ் விடவில்லை. ஃபே காம்ப்டன் நாடகப் பள்ளியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். பசியோடு அலைந்த நாட்களில் கீல்குட் நீட்டிய இருபது பவுண்டை வாங்க மறுத்தார். 1934-இல் அதே கீல்குட் தன் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் வேடம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

‘நோவா’ என்ற நாடகத்தில் புலியாக நடித்த மெரூலா சலாமனை 1938-இல் மணந்தார். நல்ல நடிகையான மெரூலா பிறகு மேடையை விட்டு ஓவியத்துக்கும் எழுத்துக்கும் போய்விட்டார். அறுபத்திரண்டு ஆண்டுகள் நீடித்த திருமணம் அது.

போர் வந்தது. 1941-இல் சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்த கின்னஸ், மறு ஆண்டு அதிகாரியானார். 1943-இல் சிசிலித் தரையிறக்கத்தில் வீரர்களை ஏற்றிச்சென்ற ஒரு தரையிறங்கு கலம் அவர் பொறுப்பில் இருந்தது. பிறகு யூகோஸ்லாவியக் கெரில்லாக்களுக்குப் பொருள்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னாளில் அவர் செய்த ராணுவ அதிகாரி வேடங்களில் கட்டளை இடுகிறவனின் தனிமை அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இந்த ஆண்டுகளும் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரே ஃப்ரேமில் ஆறு பேர்

1939-இல் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை கின்னஸே மேடை நாடகமாக்கி, ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்தில் நடித்தார். அதைப் பார்த்தவர்களில் டேவிட் லீன் ஒருவர். போர் முடிந்ததும் லீன் அந்த நாவலைப் படமாக்கியபோது (1946) அதே வேடத்துக்குக் கின்னஸை அழைத்தார். மிஸ் ஹாவிஷமாக நடித்தவர், ‘உனக்கு நடிப்பு வராது’ என்ற அதே மார்ட்டிட்டா ஹன்ட்.

அடுத்து ‘ஆலிவர் ட்விஸ்ட்’. சாதுவான ஹெர்பர்ட்டாக நடித்த இளைஞர், பிக்பாக்கெட் பிள்ளைகளை மேய்க்கும் கிழவன் ஃபேகின் வேடத்தைக் கேட்டபோது லீன் நம்பவில்லை. ஒரு சோதனைக் காட்சி மட்டும் எடுங்கள் என்று கேட்டு, முழு ஒப்பனையோடு வந்து நின்றார். வேடம் கிடைத்தது. ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். பிற்காலத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ யோடாவை உருவாக்கியவர். நாவலின் பழைய சித்திரங்களைப் பார்த்து அவர் செய்த பெரிய மூக்கு பெரும் சிக்கலைக் கொண்டுவந்தது. நாஜி வதைமுகாம்கள் திறக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், யூதர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரம் போன்ற ஒரு முகம் திரையில் வந்தது. பெர்லினில் யூதர்கள் திரையரங்கின் முன் போராடினார்கள். அமெரிக்காவில் படம் 1951-இல்தான், அதுவும் வெட்டுகளோடு, வெளியானது. யூதர்களுடைய கோபம் நியாயமானது. நடிப்பின் திறமை அந்த மூக்கை மன்னித்துவிடாது.

ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படங்கள்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ (1949) கதை இது: பிரபுக் குடும்பத்தின் பட்டம் தனக்கு வர வேண்டுமென்று ஒருவன் வழியிலிருக்கும் வாரிசுகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அந்தக் குடும்பத்தில் எட்டு பேரும் கின்னஸ். பாதிரியார், தளபதி, கடற்படை அட்மிரல், வங்கியாளர், பெண்ணுரிமைக்காகப் பலூனில் பறக்கும் லேடி அகதா எல்லாம் அவரே.

தேவாலயக் காட்சி ஒன்றில் இவர்களில் ஆறு பேர் ஒரே ஃப்ரேமில் இருக்கிறார்கள். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவைத் தரையோடு அசையாமல் பிணைத்துவிட்டு, லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒரு கின்னஸைப் படம்பிடிப்பார். பிறகு ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து அடுத்தவர். ஒவ்வொரு முறையும் ஒப்பனை மாற்ற மணிக்கணக்கு. வேலை ஒரே நாளில் முடியவில்லை. இரவில் யாராவது கேமராவை இடித்துவிட்டால் எல்லாம் பாழ் என்று ஸ்லோகோம்ப் ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொண்டார்.

தொழில்நுட்பம் வியப்பூட்டுவது சரி. இன்று அந்தப் படத்தைப் போட்டால் என்னை நிறுத்திவைப்பது மீசையும் டோப்பாவும் இல்லை. எட்டு பேரும் எட்டு விதமாக நிற்கிறார்கள். அட்மிரலின் கனம் மார்பில் இருக்கிறது, பாதிரியாரின் கனம் வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு பாத்திரம் எப்படி நடக்கும் என்பது பிடிபட்டுவிட்டால் மற்றது தானே வரும் என்று கின்னஸ் நம்பினார். தெருவில் முன்னால் போகிறவர்களின் நடையைப் பார்த்து மனதில் பதித்துக்கொள்வார்.

‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951) படத்தில் தங்கக் கட்டிகளுக்குக் காவல்போகும் அடக்கமான வங்கிக் குமாஸ்தா. இருபது ஆண்டு நேர்மைக்குப் பிறகு, அந்தத் தங்கத்தைக் கொள்ளையடித்து ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்து நாடு கடத்தத் திட்டமிடுகிறான். முதல் ஆஸ்கர் பரிந்துரை இதற்குத்தான். ஒட்டு மூக்கு கிடையாது. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன ஒளி மட்டும். பிற்காலக் கின்னஸ் இங்கே தொடங்கிவிடுகிறார்.

அதே 1951-இல் அவரே இயக்கி நடித்த ‘ஹாம்லெட்’ நாடகம் படுதோல்வி. முதல் நாள் மேடை விளக்குகள் கோளாறு செய்தன, விமர்சகர்கள் கிழித்தார்கள். பழியை அவர் தன் தலையிலேயே ஏற்றுக்கொண்டார். ஆனால் மேடையை விட்டுவிடவில்லை. 1953-இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிறிய ரயில்வே நகரில், பெரிய கூடாரம் ஒன்றில் தொடங்கிய ஷேக்ஸ்பியர் விழாவின் முதல் நாடகத்தில் மூன்றாம் ரிச்சர்டாக நின்றார்.

களனி ஆற்றங்கரையில்

‘ஃபாதர் பிரவுன்’ (1954) படப்பிடிப்புக்காக பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தங்கியிருந்தபோது, ஒரு மாலை பாதிரியார் உடையோடே அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு சிறுவன் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே கூட நடந்து, பிறகு விடைபெற்று ஓடிவிட்டான். அந்த உடையை மட்டுமே பார்த்து ஒரு பிள்ளை வைத்த நம்பிக்கை அவரை உலுக்கியது. மகன் போலியோவில் கிடந்த நாட்களில் வழியிலிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் போய்த் தனியே உட்கார்ந்துவிட்டு வருவதும் வழக்கமாகியிருந்தது. 1956-இல் கத்தோலிக்கரானார். மறு ஆண்டு அவர் இலங்கையில் இருந்தபோது மெரூலாவும் மதம் மாறினார். மாறிய பிறகுதான் கணவருக்குத் தெரிவித்தார்.

இலங்கைக்கு அவரைக் கொண்டுவந்தது ‘க்வாய்’ படம். முதலில் அவர் மறுத்திருந்தார். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் பேசிச் சம்மதிக்க வைத்தார். கித்துல்கலவில் களனி ஆற்றின் குறுக்கே உண்மையான மரப்பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 1957 மார்ச் 10 அன்று, பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பார்த்திருக்க, அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படத்தை இயக்கிய லீனுக்கும் கின்னஸுக்கும் படப்பிடிப்பு முழுக்க ஒத்துப்போகவில்லை. நிக்கல்சன் நகைச்சுவையே அறியாத அறுவை என்பது இயக்குநரின் கணக்கு. அவனிடம் கொஞ்சமாவது மனிதத்தன்மை தெரிய வேண்டும் என்பது நடிகரின் வாதம். இந்த இழுபறியே பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தது. எதிரிக்காகப் பாலம் கட்டுகிறோம் என்பதே மறந்துபோகிற அளவுக்கு வேலையின் ஒழுங்கில் மயங்கிவிடும் அந்தக் கர்னலை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

படம் ஏழு ஆஸ்கர் வென்றது. திரைக்கதைக்கான விருது நாவலாசிரியர் பியேர் பூல் பெயரில் போனது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர்கள் பெயர் திரையில் வரவில்லை. அந்த அநீதி திருத்தப்பட்டபோது இருவருமே உயிரோடு இல்லை.

திருத்தப்படாத இன்னொன்று உண்டு. அதைத் தமிழில் எழுதும்போது சொல்லாமல் போக முடியாது. படத்தின் கதை நிகழும், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர்; 12,000-க்கும் மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், சுமார் 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்து, பெயர் எழுதிய கல்லறைகூட இல்லாமல் காட்டுக்குள் புதைந்தவர்கள். மலேசியத் தமிழர்கள் அதை மரண ரயில் என்றே சொல்கிறார்கள். அங்குள்ள தமிழ் எழுத்தாளர்கள் நாவலாகவும் எழுதியிருக்கிறார்கள். லீனின் படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. பிரிட்டிஷ் கைதிகளுக்கும் படம் நியாயம் செய்யவில்லை: உண்மையான பாலத்தருகே முகாமில் இருந்த மூத்த அதிகாரி பிலிப் டூசி, தன் ஆட்களின் உயிரைக் காத்துக்கொண்டே வேலையைத் தாமதப்படுத்தியவர், நிக்கல்சனுக்கு நேர் எதிர். கின்னஸின் நடிப்பை நான் எவ்வளவு கொண்டாடினாலும், அந்தப் படத்தை வரலாறாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

1959-இல் சர் பட்டம். லீனோடு மறுபடி ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) இளவரசர் ஃபைசல், ‘டாக்டர் ஷிவாகோ’வில் (1965) யெவ்கிராஃப். லீனும் அவரும் சேர்ந்த ஆறாவது படம், கடைசிப் படம், ‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984). பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக, முகத்தில் பழுப்பு நிறம் பூசிக்கொண்டு வந்தார். நம்மால் நெளியாமல் பார்க்க முடியாத வேடம் அது. சுற்றிலும் விக்டர் பானர்ஜி போன்ற இந்திய நடிகர்கள் இயல்பாக நிற்கும்போது அந்தப் பூச்சு இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. அவர் பழகி நடித்த நடனக் காட்சியை லீன் வெட்டிவிட்டதில் நட்பும் கசந்தது.

நூறு தடவை பார்த்த சிறுவன்

ஜார்ஜ் லூகாஸ் என்ற இளம் அமெரிக்க இயக்குநரின் விண்வெளிக் கதையில் ஓபி-வான் கெனோபியாக நடித்தபோது கின்னஸுக்கு 62 வயது. வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை; தோழி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் அலுத்துக்கொண்டார். ஆனால் சம்பளத்தோடு லாபத்தில் இரண்டு சதவீதம் பங்கு பேசியிருந்தார், லூகாஸ் பிறகு அதைக் கால் சதவீதம் உயர்த்தினார். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வசூலைக் கண்டு உலகமே திகைத்தது. அதன்பின் அவர் பிடிக்காத வேடத்தைப் பணத்துக்காக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதற்கு வேறு விலை இருந்தது. ஹாம்லெட்டும் நிக்கல்சனும் மறைந்து ஓபி-வான் மட்டுமே மக்கள் நினைவில் நின்றார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுவன் படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டதாகப் பெருமையோடு வந்து சொன்னான். இனிமேல் அதைப் பார்ப்பதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுப்பாயா என்று கின்னஸ் கேட்டார். பையன் அழுதுவிட்டான். இதை 1999-இல் வந்த தன் நாட்குறிப்பு நூலில் அவரே எழுதினார். கடுமைதான். என்றாலும் ஒரு பிள்ளை தன் வாழ்வைக் கதையொன்றில் தொலைத்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் இருந்தது என்றே படித்தபோது தோன்றியது. படத்தை அவர் வெறுத்தார், ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்கள் எத்தனையோ வந்துவிட்டன; அவற்றின் நடிகர்களில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் இன்றுவரை அவர் ஒருவரே. பொம்மை வாள்களும் ரோபோக்களும் நிறைந்த அந்த உலகை நாம் நம்புவது, அந்தக் கிழவர் அதை நம்புவதுபோல் அமைதியாகப் பேசுவதால்தான்.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் திரையரங்கில் நிகழவே இல்லை. 1979-இல் பிபிசி ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடரில், ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலி. நிஜ உளவாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று நாவலாசிரியர் ஜான் லெ காரேயிடம் கேட்டார். பிரிட்டிஷ் உளவுத்துறையின் தலைவராக இருந்து ஓய்வுபெற்றிருந்த மாரிஸ் ஓல்டுஃபீல்டோடு ஒரு மதிய உணவுக்கு ஏற்பாடானது. சாப்பாட்டு மேசையில் அவருடைய கை, உடை, சட்டைக் கைப்பொத்தான் எல்லாவற்றையும் அளந்தார் கின்னஸ். விருந்து முடிந்து ஓல்டுஃபீல்டு குடையோடு தெருவில் நடந்து போவதையும் பார்த்து வைத்துக்கொண்டார். மறுபடியும் நடை!

ஸ்மைலிக்கு ஒப்பனை என்று சொல்ல ஏதுமில்லை. தடித்த கண்ணாடி, கனத்த மேல்கோட்டு. ஒருவரை விசாரிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்; எதிரே இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசிவிடுகிறார். நடிப்பு என்றால் பேசுவது என்று நினைக்கிறவர்கள், கின்னஸ் பிறர் பேச்சைக் கேட்கும் காட்சிகளைப் பார்க்க வேண்டும். அவர் முகம் அசைவதே இல்லை, ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிகிறது. ஸ்மைலியின் மனைவி ஆனின் பெயரை யாராவது எடுக்கும்போது அந்தக் கணக்கு ஒரு நொடி நின்று, திரும்ப ஓடுகிறது. இரண்டாவது தொடரான ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ 1982-இல் வந்தது. இரண்டுக்குமே பாஃப்டா விருது பெற்றார். ஸ்மைலியை எழுத உட்கார்ந்தால் கின்னஸின் குரலே காதில் விழுகிறது என்ற நிலைக்கு லெ காரே வந்துவிட்டார்.

2000 ஆகஸ்ட் 5 அன்று கின்னஸ் ஈரல் புற்றுநோயால் இறந்தார். அக்டோபரில் மெரூலாவும் போய்விட்டார். ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்தில் நாற்பதாண்டுக்கும் மேல் ஒன்றாக இருந்த வீட்டுக்கு அருகே, பீட்டர்ஸ்ஃபீல்டு கல்லறையில் இருவரும் அடக்கம்.

அவரை ஓபி-வானின் அங்கியில் மட்டுமே பார்த்திருக்கும் வாசகர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘ட்யூன்ஸ் ஆஃப் க்ளோரி’ (1960). ரானல்டு நீம் இயக்கியது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் இரண்டு அதிகாரிகள் மோதிக்கொள்ளும் கதை. விறைப்பான, உள்ளுக்குள் நொறுங்கிய அதிகாரி வேடத்தில் கின்னஸைத்தான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அதை ஜான் மில்ஸ் செய்து வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். கின்னஸ் எடுத்துக்கொண்டது செந்தலையும் முரட்டுக் குரலுமாக, குடித்து, கத்தி, சக வீரர்களின் அன்புக்காக எதையும் செய்யும் ஜாக் சிங்க்ளேர். கடைசிக் காட்சியில் ஒரு சாவு ஊர்வலத்துக்கு எந்தெந்தப் பைப் இசை வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறவன் நம் கண்ணெதிரே உடைந்து விழுகிறான். தன் நடிப்பில் தானே நிறைவடைந்த மிகச் சில படங்களில் இதையும் கின்னஸ் சேர்த்திருந்தார். இதை முடித்துவிட்டு ஸ்மைலிக்குப் போங்கள். ஏழு பகுதிகளையும் ஒரே இரவில் பார்த்துத் தீர்க்காமல், நாளுக்கு ஒன்றாக.